பிரியந்திக்கு மூன்று மாதம்

பிரியந்தி நீக்கிலாப்பிள்ளைக்கு அழுகை நன்றாக வரும். கிளிசரின் வேண்டாம், வெங்காயம் வேண்டாம். சொன்ன மாத்திரத்தில் கண் நிறைந்துவிடும். அவளுடைய தொழிலைக் கெடுத்ததே இந்தத் திறமைதான்.

யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்குச் சிட்னியில் பிறந்தவள். டொக்டராகச் சொன்னார்கள், நாடகக் கல்லூரிக்குப் போனாள். பிறகு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் நோயாளியாக வந்தபோது, "எப்படியோ ஆஸ்பத்திரிக்குள்ளே போய்ச் சேர்ந்துவிட்டாள்" என்று தகப்பன் மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தொடரில் அவள் செத்தாள். அடுத்ததிலும் செத்தாள். மேடையில் விதவையாகவும், பிள்ளையைப் பறிகொடுத்த அகதித் தாயாகவும் கதறினாள். சினிமாவில் கடற்கரையில் ஒதுங்கிய பிணமாகக் கிடந்தாள். கால் மட்டும்தான் தெரிந்தது. பத்திரிகைகள் அவளைப் புகழ்ந்தன. ஆனால் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு முறையாவது சபை முழுவதும் அவள் சொன்ன பகிடிக்குச் சிரிக்க வேண்டும். அதை ஒருவரும் தரவில்லை.

வினோஜனைக் கட்டிக்கொண்டு மொன்றியல் வந்தாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊர் மேடையில் கதவு திறக்கும் வேடம்கூடக் கிடைக்காது. கடைசியில் டவுன்டவுனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மாணவர்கள் பேசிப் பழகுவதற்காக நோயாளியாக நடிக்க வேண்டும். சிட்னியில் செத்தது போதாதென்று இங்கே கிழமைக்கு மூன்று நாள் சாகக் கிடந்தாள்.

தமிழர் நடத்தும் ஆண்டுவிழா நாடகமாவது கைகொடுக்குமா என்று பார்த்தாள். அதை எழுதி இயக்குகிறவர் ஸ்ரீதரன். கிழமை நாட்களில் காப்புறுதி விற்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் கலையை வளர்ப்பார். வருடா வருடம் அவரிடம் நகைச்சுவை வேடம் கேட்பாள். "உம்மட முகத்துக்கு அழுகைதான் பிள்ளை பொருந்தும்" என்று அவரும் வருடா வருடம் சொல்லி, தாய் வேடத்தைத் தள்ளிவிடுவார்.

போன குளிர்காலத்தில் கல்லூரியில் ஒரு புது வகுப்பு வைத்தார்கள். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி ஒருத்தியிடம், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மாணவர்கள் கெட்ட செய்தி சொல்லிப் பழக வேண்டும். செய்தி கேட்ட நோயாளி தன் அக்காவுக்குச் சொல்லும் பகுதியைப் பிரியந்தி மெட்ரோவில் போகும்போதே பாடம் பண்ணினாள். தனியே பேசினால் பைத்தியம் என்பார்களே என்று போனைக் காதில் வைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரருக்கு நடுவே தமிழ் கதைத்தால் யாருக்கு விளங்கும் என்ற துணிவு. நம்மவர்கள் எல்லாருக்கும் உள்ள துணிவுதான்.

"டொக்டர் இனி மூண்டு மாதம்தான் எண்டு சொல்லிப்போட்டார், அக்கா" என்று குரல் உடையச் சொன்னாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பின் இருக்கையில் தொப்பியும் சால்வையுமாக இருந்தது பாலாம்பிகை. டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற கூடத்தில் வேலை செய்பவர். நல்ல மனுசி. வாய் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமென்று வேறு சொல்லியிருக்கிறாளே, எப்படிச் சொல்லாமல் இருப்பது? சாப்பாட்டுத் தட்டுகள் விமானம் ஏறுமுன் செய்தி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புரோசார்ட் வரை போய்விட்டது.

அடுத்த ஞாயிறே ஸ்ரீதரன் போன் எடுத்தார். "பிள்ளை, இந்த முறை கல்யாணத் தரகர் தங்கம்மா நீர்தான். முழுக்கப் பகிடி." பிரியந்தி குசினிக்குள் துள்ளிக் குதித்தாள். கடைசியில் தன் திறமை ஒருவருடைய கண்ணிலாவது பட்டதே!

அதன் பிறகு ஊரே மாறிவிட்டது. தமிழ்க் கடையில் அவளை வரிசையின் முன்னுக்கு விட்டார்கள். யோசெப்பின் என்ற பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, குடித்து முடியும்வரை எதிரே இருந்து பார்த்தாள். கதாநாயகிக்கு மொன்றியலில் இவ்வளவு மரியாதையா என்று பிரியந்தி பூரித்துப்போனாள். வினோஜனுடைய தோளையும் இரண்டு மூன்று பேர் அழுத்திவிட்டுப் போனார்கள். நாடகக்காரியைக் கட்டினதற்காக அவனை ஊர் எப்போதுமே பாவம் பார்ப்பதால், அவன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நாடகம் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் நடந்தது. கூட்டம் வாசல்வரை நின்றது. பிரியந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து முதல் பகிடியை எடுத்துவிட்டாள். "மாப்பிள்ளைக்குக் கண் கொஞ்சம் மங்கல். பொம்பிளைக்கு அது நல்லதுதானே!"

முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அடுத்த பகிடிக்கு இரண்டு பேர் விம்மினார்கள். பல்லைக் காட்டி இளித்து ஆடிய ஆட்டத்துக்கு யோசெப்பின் எழுந்து வெளியே போய்விட்டாள். பிரியந்திக்கு வியர்த்தது. ஸ்ரீதரன் அண்ணை சொன்னது சரிதானோ? தன் முகம் அழுகைக்கு மட்டும் செய்த முகம்தானோ?

இடைவேளையில் திரைக்குப் பின்னால் ஸ்ரீதரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த நிலைமையிலையும் எவ்வளவு நல்லாச் செய்யிறீர், பிள்ளை!"

"எந்த நிலைமை?"

அவர் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். மெட்ரோ, மூன்று மாதம், ஊர் முழுக்க நடக்கும் பிரார்த்தனை. "பாலாம்பிகை அக்கா சைவக்காரி. எண்டாலும் உமக்காக மலையிலை இருக்கிற சூசையப்பர் கோயில் படியெல்லாம் முழங்காலாலை ஏறினவ. இப்ப நடக்கேலாது."

"அண்ணை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நோயும் இல்லை! அது வேலைக்குப் பாடம் பண்ணினது. நடிப்பு!"

"தெரியும் பிள்ளை" என்று அவர் அவள் தலையில் கை வைத்தார். "இப்பவும் எவ்வளவு கெட்டித்தனமா நடிக்கிறீர். கடைசி ஆசையெண்டுதானே இந்த வேசத்தைத் தந்தனான்."

அதுதான் அவளைச் சுட்டது. வருத்தக்காரி என்றது கூடப் பரவாயில்லை. வேடம் பிச்சையாக வந்ததை அவளால் தாங்க முடியவில்லை. முதன்முறையாக உண்மையாகவே அழுகை வந்தது. அதை ஸ்ரீதரனுக்குக் காட்ட மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரை விலகியது. பெண்ணின் தகப்பனாக நடித்த றொசான் தன் வசனத்தைக் கேட்டான். "மாப்பிள்ளைக்கு வருத்தம் கிருத்தம் ஏதும் உண்டோ?"

எழுதிக் கொடுத்த பதில் வேறு. பிரியந்தி மேடையின் விளிம்புவரை வந்து, சபைக்கு இரகசியம் சொல்வதுபோலக் குனிந்தாள்.

"ஒரு வருத்தமும் இல்லை. வடிவா விசாரியுங்கோ. ஆனால் மெட்ரோவிலை மட்டும் விசாரிச்சுப்போடாதேங்கோ. அங்கை போன் கதைக்கிற ஆக்கள் எல்லாருக்கும் மூண்டு மாதம்தான்!"

பின்வரிசையில் ஒருவர் 'புர்' என்று வாயைப் பொத்தினார். ஒரு தலை முன்வரிசைப் பக்கம் திரும்பியது, பிறகு பத்துத் தலை, பிறகு மண்டபமே திரும்பிப் பாலாம்பிகையைப் பார்த்தது. பாலாம்பிகை கதிரைக் கையைப் பிடித்து மெல்ல மெல்ல எழுந்து நின்றார்.

"அடியே பிரியந்தி! அப்ப என்ர முழங்கால்?"

கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் சிரிப்பாக வந்தது. பிரியந்திக்கு ஒரு நொடி பொறாமையே வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சிரிப்பை, ஒத்திகைக்கு ஒரு நாளும் வராத மனுசி தட்டிக்கொண்டு போய்விட்டாரே! ஆனால் பாலாம்பிகை சிரிக்கவில்லை. இரண்டு முழங்காலிலும் கட்டு, கண்ணில் தண்ணீர். ஊர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு அந்த மனுசி தனியே நின்றார். பிரியந்திக்கு நெஞ்சு கரைந்தது.

"அக்கா" என்றாள், தங்கம்மாவின் குரலை விட்டுவிட்டு. "நீங்கள் ஏறினபடியாலைதான் நான் இப்ப உயிரோடை நிக்கிறன்."

பாலாம்பிகை சபையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கேட்டியளோ?" என்றுவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தங்கம்மா வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். பகிடி இல்லாத இடத்திலும் சிரித்தார்கள். முடிவில் ஸ்ரீதரன் வந்து, "இந்த முகத்திலை இதை நான் காணேல்லை, பிள்ளை" என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது பாலாம்பிகை தமிழ்க் கடையில் யாரைக் கண்டாலும் பிரியந்தியைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறார். "இவதான் அந்தப் பிள்ளை. டொக்டர்மார் கைவிட்டவை." பிரியந்தி மறுப்பதில்லை. தேங்காய்ப்பால் டின் அடுக்கிய தட்டை ஒரு கையால் பிடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, கண்ணில் நீரை வரவழைத்து, "இப்ப பரவாயில்லை, அக்கா" என்கிறாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனியே சிரிக்கிறாள், காதில் போன்கூட வைக்காமல்.