பாத்துக் குடுங்க அண்ணாச்சி

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றால சீசன் தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது நடந்தது இது. தென்காசியில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் டீக்கடை மூலையில் அன்று காலை ஐந்து பேர் நின்றோம்: வழக்கமாக வரும் மூன்று ஆண்கள், ஓர் அக்கா, புதிதாக நான். அக்காவோடு தினமும் வரும் அவர் வீட்டுக்காரர் மட்டும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து படுத்திருந்தார்.

நான் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். மழை பொய்த்து ஊரில் வயல் வேலை நின்றதும், பட்டத்தை நம்பித் தென்காசிக்கு வந்தேன். மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கே போனாலும், என்னைப்போலவே ஊரைவிட்டு வந்த நாலு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். அறை வாடகைக்காகத்தான் அந்த மூலைக்குப் போனேன்.

ஒரு காண்டிராக்டர் லோடு ஆட்டோவில் வந்தார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜைப் புதுப்பிக்க வேண்டும், பன்னிரண்டு நாள் வேலை. "என்ன கூலி கேக்கிய?" என்று பொதுவாகக் கேட்டவர், என்னைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் கூலியை வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. எல்லாருக்கும் தெரிந்த கூலி. கேட்க வேண்டியதும் இல்லை. அப்பா ஆயுசு முழுக்கச் சொன்னதையே நானும் சொன்னேன்: "நீங்க பாத்துக் குடுங்க அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்தது. "தம்பிக்கு ஐநூறு. மத்தவுகளுக்கும் அதான். வாரவுக ஏறுங்க."

அந்த மூலையில் ஆளுக்கு அறுநூறு. அதற்குக் குறைத்து யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். அது தெரியாமல் நான் ஏறிவிட்டேன். மற்ற நால்வரும் வண்டியைவிட்டுத் தள்ளியே நின்றார்கள். பிறகு அக்கா தூக்குச்சட்டியை வண்டிக்குள் வைத்துவிட்டு ஏறினார். வீட்டுக்காரருக்கு மருந்து, பிள்ளைகளுக்குச் சோறு, எல்லாம் அவர் ஒருவர் கூலியில்தான். மற்றவர்களும் ஏறினார்கள்.

"ஏலே, காலேஜுல கூலி கேக்க மட்டும் சொல்லித் தரலையோ?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதிய," என்றார் அக்கா. "கொறஞ்ச நூறு ரூவாய்க்கு எவன் மருந்து வாங்கித் தருவான்?"

மறுநாள் நானே போய் அறுநூறு கேட்டேன். "வேண்டாம்னா நின்னுக்கோ தம்பி. ஒவ்வொரு பஸ்ஸுலயும் உன்னமாதிரி பத்துப் பேரு வந்து இறங்குதானுவ," என்றார் காண்டிராக்டர். அதுவும் உண்மைதான். போய்ச் சிமெண்ட் குழைத்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து அக்கா பத்து மணி டீயை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "டீ குடிச்சா பித்தம்லே" என்றார்.

இப்போது எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் யாராவது "பாத்துக் குடுங்க" என்றால், அது எனக்கு மரியாதையாகக் கேட்பதில்லை. ஐந்து பேர், பன்னிரண்டு நாள், ஆளுக்கு நூறு. ஆறாயிரம் ரூபாய் என்றுதான் கேட்கிறது.