கோதண்டபாணி எடுத்த கல்யாணம்

கோதண்டபாணியைத் திட்டாமல் நான் ஒரு கல்யாண ஆல்பம்கூட முடித்ததில்லை. காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் படம் எடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் என்னிடம் வருவார்கள். அவர்கள் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தில் வழியும் எண்ணெயைத் துடைத்து, கோணலை நிமிர்த்தி, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பது என் வேலை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். வைதேஹி மாமிக்கு வேலை சுத்தம், வாய் காரம் என்று ஊரில் பேச்சு. இரண்டும் உண்மைதான். வாய்க்குப் பயந்து இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டபாணி மட்டும் அசையவில்லை. திட்டி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி மாமி, இப்ப அந்தப் பொண்ணு மூக்குத்திய கொஞ்சம் பளிச்சுனு ஆக்குங்க" என்பார்.

அவருக்குச் சொந்த ஊர் மாகறல். நாலு தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். பதினேழு வயதில் மாமாவோடு காஞ்சிபுரத்துக்கு உரம் வாங்க வந்தவர், ஒரு ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். மாமா உர மூட்டையோடு பஸ் ஏறிவிட்டார், இவர் ஏறவில்லை. மறுநாளே அந்த ஸ்டூடியோவில் பிரிண்ட் கழுவத் தண்ணீர் சுமக்க ஆரம்பித்தார். நெகடிவில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைக்கக் கற்றார். முப்பது வயதில் சொந்தக் கடை வைத்தார். ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் படம், பட்டுக் கடைகளுக்குப் புடவைப் படம், முகூர்த்த நாட்களில் கல்யாணம் என்று பிழைப்பு ஓடியது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாக வந்து நிற்பார். ஒரே ஒரு கர்வம் உண்டு. இந்த ஜில்லாவில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் கேமராவைப் பிடிக்கத் தெரியாது என்று மனதார நம்பினார்.

2007 ஆவணியில் அவர் ஒரே மகள் ஜெயப்ரியாவுக்குக் கல்யாணம். யாரைப் படம் எடுக்கக் கூப்பிடுவது என்று வீட்டில் பேச்சு வந்ததும் அவர், "நான் எதுக்குக் கீறேன்?" என்று கேட்டிருக்கிறார். அவர் மனைவி பூவம்மாள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாளாம்.

"பொண்ணுக்கு அப்பனா நில்லுய்யா. ஒரு நாளாவது அந்தப் பொட்டிய கீழ வை."

"வேற எவன்னா எடுத்து, தாலி கட்டுற நேரத்துல ஃபோகஸ் போய்ட்டா? அப்பால திரும்பக் கட்டச் சொல்லுவியா?"

பூவம்மாள் மூன்று நாள் பேசவில்லை. கல்யாணத்தில் அவரே எடுத்தார். ஜரிகை அங்கவஸ்திரத்தின் மேல் கேமரா வாரைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குக் கும்பிடு போடக்கூட நேரமில்லாமல் ஓடினார். சாப்பாட்டுக்குப் போன நானே பார்த்தேன். பெண்ணின் அப்பா எங்கே என்று சம்பந்தி வீட்டார் மேடையைச் சுற்றித் தேடினார்கள். அவர் எதிரில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

கல்யாணமாகி ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். புதிதாக வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்க். அதுவரை சிடியில்தான் கொண்டுவருவார். அதில் பெயர் எழுதுவதெல்லாம் கடையில் இருந்த பையன் வேலை. இதை மட்டும் யாரையும் தொட விடாமல் தானே ஏற்றியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் விமானம் ஏறுகிறார்கள். வியாழக்கிழமை பக்கங்களை லேபுக்கு அனுப்பினால்தான் ஆல்பம் அவள் கையோடு போகும்.

பெட்டியைச் செருகினேன். ஃபோல்டர் திறந்தது. வரிசை வரிசையாகக் குட்டிப் படங்கள், ஆயிரத்து நூற்றுச் சொச்சம். முதல் படத்தை இரண்டு முறை தட்டினேன். என் கம்ப்யூட்டரில் எந்தப் படத்தைத் தட்டினாலும் எடிட்டிங் மென்பொருளில்தான் திறக்கும். அது திறக்கவில்லை. அப்படி ஒரு ஃபைல் இல்லவே இல்லை என்று ஒரு வரி காட்டியது. அடுத்ததைத் தட்டினேன். அதே வரி. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அதே பதில்.

ஒயரை மாற்றினேன். பின்பக்க ஓட்டையில் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், அதற்கே முக்கால் மணி ஆனது. ஃபோல்டரை அப்படியே இழுத்து என் டெஸ்க்டாப்பில் போட்டும் பார்த்தேன். திறக்க மறுத்தது. என்னிடம் ஏற்கெனவே இருந்த வேறு கல்யாணப் படங்கள் மட்டும் சமர்த்தாகத் திறந்தன.

"ஏத்தினதுக்கப்புறம் பெரிசு பண்ணிப் பார்த்தேளா?"

"எங்க மாமி பாத்தேன்? ஏத்தினேன், மூடினேன். மறுவீடு, விருந்துன்னு ஓடிக்கினு இருந்தேன்."

"போறது, கேமரா கார்டைக் கொடுங்கோ. அதுலேருந்து எடுத்துக்கறேன்."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார். மூன்றாம் நாளே செவிலிமேட்டில் ஒரு வளைகாப்புக்குக் கார்டு வேண்டியிருந்ததாம். நாலு கார்டையும் அழித்துவிட்டாராம்.

அப்போது நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "கை நாட்டுக்கெல்லாம் டிஜிட்டல் எதுக்கு?" என்றேன். சின்னப் படம் மேலே தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது, வாலாஜாபாத்காரர் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று, படமெல்லாம் போனது போனதுதான் என்று டாக்டர் மாதிரி தீர்ப்பும் சொன்னேன். ஒரு மனுஷனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பூவம்மா கிட்ட இன்னான்னு சொல்லுவேன்?" என்றார். பிறகு, "கொளந்தைக்கு ஒரு படங்கூட இல்லையே மாமி. வேற எவனையாவது விட்டிருந்தா இருந்திருக்குமே" என்று துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வயது மனுஷர் தோள் குலுங்கி அழுதால் எதிரே எப்படி உட்கார்ந்திருப்பது? உள்ளே போய் மோர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை.

அழிந்துபோன தகவல்களை மீட்டுத் தருகிற ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவருக்குப் பெட்டியை அனுப்பலாம், பத்து நாளாகும் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வராது. இருந்தாலும் ஏதாவது செய்கிற மாதிரி இருக்கட்டுமென்று தாள் எடுத்தேன். மேலே 'ஸ்ரீ:' என்று எழுதி, விவரம் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.

"எந்த நாள் ஏத்தினேள்?"

"கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே."

"ஃபோல்டர் பேரு?"

"புள்ளையார் சுழி."

"அது சரி, அதுக்கப்புறம் என்ன பேரு?"

"அப்புறம் இன்னா? சுழி மட்டுந்தான் போட்டேன்."

நான் திரையைப் பார்த்தேன். ஃபோல்டருக்குக் கீழே சுழியும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு சின்னக் கட்டம் மட்டும் இருந்தது. காலையிலிருந்து அதைப் பெயர் வைக்காத ஃபோல்டர் என்றே நினைத்திருந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. ரோல் காலத்தில் ஒவ்வொரு சுபகாரியத்துக்கும் முதல் ரோலின் டப்பா மேல் பென்சிலால் உ போட்டுவிட்டுத்தான் கேமராவில் போடுவாராம். இருபது வருஷத்தில் ஒன்றுகூட விட்டதில்லை. டிஜிட்டலில் எங்கே போடுவது? மகள் கல்யாணத்துக்குப் போடாமல் விட மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டுத் தமிழ் போடச் சொல்லி, அந்த ஒரே எழுத்தை அடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் பழகியிருக்கிறார். என் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது, அதனால் அது எனக்குக் கட்டமாகத் தெரிந்தது. என் மென்பொருளோ பழசு. படம் இருக்கும் இடத்தின் பெயரில் தனக்குத் தெரியாத எழுத்து வந்தால், அந்த இடமே இல்லை என்று சாதித்துவிடும். ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு இழுத்தபோது சுழியும் கூடவே வந்துவிட்டது. நாங்கள் வைஷ்ணவர்கள், எங்களாத்தில் சுழி போடும் வழக்கம் இல்லை, எனக்கு எப்படித் தோன்றும்?

"கோதண்டபாணி, இந்தப் பேரை எடுத்துட்டு நம்பர் போடப்போறேன்."

அவர் பதறி எழுந்தார். "சுழிய அழிக்கிறதா? கல்யாணத்துக்குப் போட்டதாச்சே மாமி!"

"வேற வழியில்லை."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து நின்று, நெற்றியில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டார். முட்டி மடக் மடக்கென்றது. "இப்ப எடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளையார் தும்பிக்கையாழ்வார். நானும் மனசுக்குள் அவரை ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டேன். கட்டத்தை அழித்து 1 என்று அடித்தேன். முதல் படத்தைத் தட்டினேன்.

மணப்பெண் திரை முழுக்க நிறைந்தாள்.

"கண்ணைத் திறங்கோ" என்றேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ, என் தாயி" என்று திரையையே தொட்டுக் கும்பிட்டார். கைரேகை பட்டதற்கு அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

மோரைக் குடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தோம். ஆயிரத்து நூறில் இருநூறு பொறுக்க வேண்டும். அவர் உடனே பழைய போட்டோகிராபர் ஆகிவிட்டார். சடங்கு நடக்கும்போது கேமராவைப் பார்க்கிற படம் அவருக்கு ஆகாது, அது சடங்கையே கெடுத்துவிடும் என்பார்.

"கழிச்சுடுங்க. தலைல அரிசி விழும்போது பொண்ணு நேரா பாக்குது பாருங்க."

கழித்தேன்.

"இதையும் கழிங்க. மாப்ளைக்கு மாலை போடுறப்ப, பார்வை எங்க இருக்குது?"

தாரை வார்த்த நேரத்தில் மட்டும் கேமராவை மச்சான் தர்மனிடம் கொடுத்திருந்தார். கல்யாணம் முழுக்க இவர் இருக்கிற படம் அந்த மூன்றுதான். மூன்றிலும் இவர் கை தண்ணீருக்குக் கீழே இருக்கிறது, முகம் தர்மன் பக்கம் திரும்பி எதையோ கத்துகிறது. கொஞ்சம் மங்கல் வேறு. "ஃபோகஸ் இல்ல, தூக்குங்க" என்றார். இப்படியே அறுபது, எழுபது படம் ஒதுங்கிவிட்டது.

"எவ்ளோ தபா சொன்னேன் மாமி. மாப்ளையப் பாரு, ஐயரப் பாரு, கேமராவப் பாக்காதன்னு. கேக்கவே இல்ல. மேடை ஏறினதுலேருந்து எறங்குற வரைக்கும் என்னையே பாத்துக்கினு..."

அவ்வளவுதான். அவர் திரைக்கு அருகே குனிந்தார். திரையில் ஜெயப்ரியா தாலி ஏறிய கழுத்தோடு, நிறைந்த கண்ணோடு, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மௌஸை நகர்த்தவில்லை.

அவர் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கழிச்சதையெல்லாம் திரும்பப் போடுங்க மாமி" என்றார். "அந்த மங்கலா இருக்குதே மூணு, அதையும்."