அடுப்படித் தரைக்கு அடியில்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழை சமயம். போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் நடந்தது.

நானும் என் வீட்டுக்காரியும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைதான். உடம்பு தளரும்போது கீழே சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று சிலமலையில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். அவளுக்கென்று தனியாக ஒரு அடுப்படி. அதற்குத்தான் அத்தனை பாடும்.

குடிபோனதும் முதல் மழை. அடுப்படியில் ஒரு வாடை. சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தோம். வாடை போகவில்லை. ஒருநாள் காலையில் சாமி விளக்கு ஏற்றத் தீக்குச்சியைக் கிழித்தாள். கை நழுவிக் கீழே விழுந்தது. தரை வெடிப்பில் நீலமாக ஒரு தீ ஓடி அணைந்தது. அவள் கத்தவில்லை. வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தெருவில் பேச்சு பரவியது. எந்தக் காலத்திலோ கேஸ் எடுக்கத் துளை போட்டு, அப்படியே விட்டுப்போன கிணறாம். எதிர்வீட்டுக்காரர் எனக்கு மச்சான் முறை.

"மாப்ளே, இனி ஒனக்கு சிலிண்டரே வேணாம். எங்க வீட்டுக்கும் ஒரு குழாய் இழுத்து விடுய்யா" என்றார்.

"மொதல்ல ஒங்க மீசையப் பாத்துக்கங்க மச்சான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

தகவல் சொல்லி, தீயணைப்பு ஆபீசிலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்தார். சின்ன வயசு. கையில் கேஸ் இருந்தால் சத்தம் போடுகிற ஒரு கருவி. வெடிப்புக்குக் கிட்டே கொண்டுபோனதும் அது விடாமல் கத்தியது. கதவு சன்னலைத் திறந்துவைத்து, பொறி பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தரையை உடைக்கச் சொன்னார். நானே கடப்பாரை போட்டேன். அடியில் ஒரு போர்வெல் குழாய். வாயில் சாக்கை அடைத்துக் கல் வைத்திருந்தது. கக்கூஸ் குழாய் அதற்குள் இறங்கியிருந்தது.

கேஸ் கிணறு இல்லை. தண்ணீர் இல்லாமல் போன போர். எங்கள் பக்கம் போர் பொய்த்தால் கக்கூஸ் தண்ணீரை அதில் விட்டுவிடுவார்கள். எவ்வளவு விட்டாலும் நிறையாது. செப்டிக் தொட்டி கட்ட வேண்டியதில்லை. முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்து, மேலே தரை போட்டிருக்கிறார்கள். உள்ளே கழிவு அழுகிக் கிளம்பின கேஸ்தான் அந்த வாடை.

"இத மட்டும் அடைச்சா நிக்காதுங்கய்யா. பூமிக்குள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. எல்லாரும் விடுறத நிப்பாட்டினா மெல்ல அடங்கும். இல்லாட்டி இங்க குடியிருக்க முடியாது" என்றார் அந்த அம்மா.

தெருவுக்கு வந்து எல்லாரிடமும் கேட்டார்.

"வேற யார் வீட்டுல போர்ல விடுறீங்க? பயப்படாதீங்க, சொன்னாப் போதும். சொல்லாம நான் யார் வீட்டுத் தரைய ஒடைக்கிறது?"

போர் பொய்க்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. தொட்டி கட்டிய வீட்டையும் நான் பார்த்ததில்லை. சொன்னால் தரையை உடைத்துத் தொட்டி கட்டும் செலவு என்று ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்.

"எங்களுக்கெல்லாம் தொட்டிதாம்மா" என்றார் மச்சான். என் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றாள் என் வீட்டுக்காரி.

"சோலி கெடக்கு ஆத்தா" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா கருவியை அணைத்தார். அன்றைக்கே வெளியேறச் சொன்னார்.

ஜீப்பு வந்தது. கட்டிலைத் தூக்க முதல் ஆளாக வந்தது மச்சான்தான். கண் கலங்கியிருந்தது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரி முன்சீட்டில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மறுபடி அதே லயம், வேறு அறை. அந்த வீட்டை விலைக்குக் கேட்டு யாரும் வரவில்லை. அடுப்படி என்ற பேச்சை அவள் எடுப்பதில்லை.

மச்சான் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் என் வாயும் திறந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அதை அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.