கஞ்சி அடுப்புச் சாம்பலும் கௌபி வித்தும்

சூடான சாம்பலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் 'சுஸ்' என்று ஆவி எழும். பின்னாலேயே நனைந்த கரியின் மணம் வரும்... நோன்பு மாதம் என்றால் கஞ்சி மணத்துக்கும் முன்னால் எனக்கு நினைவு வருவது அதுதான்.

கல்முனையில் எங்கள் வீடு பள்ளிவாசலுக்கு இரண்டு வளவு தள்ளி. நோன்பு முழுவதும் பள்ளிவாசலின் பின்வளவில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சியைப் பங்கிட்டு முடித்ததும், பக்கத்துக் கிடுகுக் கொட்டிலில் நெருப்புப் பிடிக்காமல் இருக்க அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அதற்கு முன்னால் போனால் கட்டை விறகின் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும். பிள்ளைகள் பழைய பால்மா டின்களோடு வரிசையில் நிற்போம்.

எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பல் எங்களுக்கே போதாது. சட்டி தேய்க்க, வழுக்குகிற கெளுத்தியைப் பிடித்து வெட்ட, கத்தரி இலையில் பூச்சிக்குத் தூவ... மிஞ்சினால் தென்னை அடிக்கு.

அந்த வருடம் உம்மாவுக்கு வித்துக்காக நிறையச் சாம்பல் வேண்டியிருந்தது. மாவடிப்பள்ளிப் பக்கம் வாப்பாவுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம். அதில் விளைந்த கௌபிப் பயறில் நல்ல மணிகளாக உம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருந்தா. மாரி மழை வரும்வரை வண்டு அரிக்காமல், மண்முட்டியில் சாம்பலுக்குள் கிடக்க வேண்டும். வேறு வித்து எங்களிடம் இல்லை.

எனக்கு வயது பத்து. முப்பது நோன்பும் பிடிப்பேன் என்று வீம்பாக நின்ற முதல் வருடம்.

"காய்ஞ்ச சாம்பலாப் பாத்து எடுத்துட்டு வா மகள். தண்ணி ஊத்த முதல் போயிரு."

போனேன். வழியில் கூட்டாளி வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது...

நான் போய்ச் சேரும்போது ஆவி அடங்கியிருந்தது. ஊரே காக்கா என்று கூப்பிடும் கஞ்சிக்காரர் வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பயா வாறாய் புள்ள? ஊத்தி முடிஞ்சி."

"சும்மா போனா உம்மா ஏசுவா காக்கா."

"அப்ப இத ரெண்டு நாள் வெயில்ல காயப்போடச் சொல்லு. ஈரத்தோட வித்துக்குப் போட்டுராதீங்க."

ஓரத்தில் வெளுத்துக் கிடந்ததாகப் பார்த்து அள்ளினேன். அடியில் ஈரம் இருந்தது எனக்குத் தெரியும்.

உம்மா மாப் பிசைந்துகொண்டிருந்தா. "தண்ணி பட்டதா?"

"இல்ல உம்மா."

"நோன்போடயா சொல்றாய்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டா.

"ஓம் உம்மா."

"என்ட கையெல்லாம் மா. நீயே முட்டியில போட்டு வாயக் கட்டி வை."

ஒரு படை சாம்பல், ஒரு படை கௌபி... முட்டியின் வாயைச் சீலையால் கட்டினேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் சமையலறையில் ஒரு புளித்த வாடை. உம்மா முட்டியை இறக்கித் திறந்தா. நான் கதவடியில் நின்றேன். சில மணிகள் வெள்ளையாக முளை விட்டிருந்தன. மற்றதெல்லாம் கறுத்து, கட்டிகட்டியாய்...

"என்டல்லாஹ்..." அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாரி வந்தது. வாப்பா வித்துக் கேட்டார்.

"ஈரம் பாக்காமப் போட்டுட்டன். என்ட பிழைதான்" என்றா உம்மா.

"இத்தன வருசம் போட்டவள். ஒனக்கா ஈரம் தெரியல்ல?"

வாப்பா சம்மாந்துறையில் தெரிந்தவர்களிடம் கொஞ்சம் வித்துக் கேட்டு வாங்கிவந்தார். நிலத்தில் பாதிக்குத்தான் அது போதுமாக இருந்தது. மறுபாதி அந்த மாரி முழுக்கப் புல்லாய்க் கிடந்தது. அதைக் காணும்போதெல்லாம் சொல்லிவிட நினைப்பேன். சொல்லவில்லை.

பிறகு முப்பது வருடம்... கேஸ் கிடைக்காமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பிய நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சாம்பல். சட்டிக்குச் சவர்க்காரம் வந்துவிட்டது, முற்றமெல்லாம் சீமெந்து. அந்தச் சாம்பலை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. குப்பை எடுக்க வந்தவர் கையை விரித்தார். "ஆரோ சூட்டோட கட்டித் தந்து வண்டிப் பெட்டியே எரிஞ்சி போச்சு. சாம்பல் எடுக்கமாட்டம் தங்கச்சி."

ஒரு டின்னில் சேர்த்து வைத்தேன். என்னோடு இருக்கிற உம்மா ஒரு நாள் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தா.

"ஈரம் கிடக்கு, மகள்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தப் பின்னேரத்தை, பூனைக்குட்டி உட்பட, எல்லாம் சொன்னேன்.

"தெரியும். நான் முட்டியத் திறக்கக்குள்ள கதவடியில நின்டாயே... அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் உம்மா ஏசல்ல?"

"ஏசியிருந்தா, பொய் சொன்ன நாளோட முப்பது நோன்புக் கணக்கும் முறிஞ்சி போச்செண்டு நீ நேரே கிணத்தடிக்குத் தண்ணி குடிக்க ஓடியிருப்பாய். முட்டி திறந்த அண்டைக்கு ஒனக்குப் பதினெட்டாவது நோன்பு."

அது எத்தனையாவது நோன்பு என்பதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்...

கேஸ் திரும்ப வந்துவிட்டது. பள்ளிவாசல் கஞ்சியும் இப்போது கேஸ் அடுப்பில்தான். யாரும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டியதில்லை. கௌபி கடைப் பைக்கற்றில் வருகிறது, எந்த மண்ணில் விளைந்ததோ...

அந்த டின்னில் மட்டும் இன்னும் கொஞ்சம் சாம்பல் இருக்கிறது. கறிவேப்பிலை மரத்தடிக்குப் போடத்தான், ஈரமாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அள்ளுகிறேன்.