தோற்க மறுத்த துணை நடிகை

கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் ஓடப் போய், நாட்டுக்காகப் பதக்கம் வாங்கி வந்த அந்தக் காலத்துப் பெண்ணொருத்தியின் கதையைப் படமாக்க விருத்தாசலத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். கதாநாயகியோடு ஓடித் தோற்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் தேவை என்றார்கள். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் தன் பெயருக்குப் பதிலாக அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

என் மனைவி பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கிறவள். காலையில் கம்பெனி வேனைத் துரத்துவதைத் தவிர அவள் ஓடி நான் பார்த்ததில்லை. முழங்கால் வரை தொங்கும் பழைய மாடல் டிரவுசரைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தவளைப் பார்த்துச் சிரித்தேன். மகள் என் காலை மிதித்தாள்.

இயக்குநர் தெளிவாகத்தான் சொன்னார்: கதாநாயகி முதலில், மற்றவர்கள் பின்னால். எல்லோரும் தலையாட்டினார்கள். விசில் ஊதியதும் என் மனைவி எல்லோரையும் தாண்டிப் போய் முடிவுக் கோட்டைத் தொட்டாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அவளே. அதற்கடுத்த முறை பாதித் தூரம் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தவள், கோடு கண்ணில் பட்டதும் பறந்துவிட்டாள்.

உதவி இயக்குநர் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். எங்கள் வீட்டு நிலவரம் தெரியாதவர். போய்ச் சொன்னேன்.

"கொஞ்சம் மெதுவாத்தான் ஓடேன்."

"நானும் அப்பிடித்தாங்க நெனைக்கிறேன். முன்னாடி ஒருத்தி போனா காலு கேக்க மாட்டேங்குது."

ஆளை மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போது கதாநாயகி எழுந்து வந்தார். இந்தப் படத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கால் சுளுக்கி, கட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கேமராவை நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, நெஜமாவே ஒரு தடவை ஓடிப் பாப்போமா?"

ஓடினார்கள். லைட் பிடிக்கிறவர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் கோட்டருகே கூடிவிட்டார்கள். இருவரும் தோளோடு தோளாகவே வந்தார்கள். கடைசியில் ஒரு கை நீளத்தில் என் மனைவி முந்தினாள். நான் விசிலடித்ததாக மகள் சொல்கிறாள். எனக்கு விசிலடிக்கத் தெரியாது.

கதாநாயகி புல்லில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு இயக்குநரிடம் வெகுநேரம் பேசினார். பதக்கம் வாங்கியவரும் முதல் பந்தயத்தில் யாரிடமாவது தோற்றிருப்பார், அது இந்த அக்காவிடமாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். இயக்குநர் கதையை மாற்றினார்.

படம் வந்ததும் குடும்பத்தோடு போனோம். இடைவேளைக்கு முன்னால் கதாநாயகி தோற்றுப்போய் அழுகிறார். வயலின் சோகமாக இழைகிறது. எங்கள் தியேட்டரில் மட்டும் அதற்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. பீங்கான் கம்பெனி முழுக்க அங்கேதான் இருந்தது. என் மனைவி முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள்.

தொல்லை அப்புறம்தான் வந்தது. காய்கறிக் கடையில்கூட அவளை முறைத்தார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், நல்லூர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியம்மா அவளை மறித்தார்.

"கைக்கொழந்தைய வூட்டுல வுட்டுட்டு வந்து ஓடுன பொண்ணும்மா அது. ஒரு தடவ வுட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

அது வெறும் நடிப்பு என்று நான் விளக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தப்புதாங்க. அடுத்த தடவ வுட்டுக்குடுத்துடறேன்" என்றாள், அத்தனை பணிவாக.

பெரியம்மா மனமிரங்கி, பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். பஸ் திருப்பத்தில் மறைந்ததும் அவள் பழத்தைக் கடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நம்பிடாதீங்க."