தம்பிக்கு வைக்காத படையல்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் தமிழிலேயே இரண்டு முறை தோற்றவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு நாள் கிடந்தேன். ஆனால் வீடு முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசம். அது என்னைச் சும்மா கிடக்க விடவில்லை.

கருவாடு கொரியாவிலிருந்து வந்தது. அனுப்பியவன் சேவியர். அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் நாங்கள் இருவரும் வெல்டர்கள், ஒரே அறை. நான் ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்துவிட்டேன், அவன் இன்னும் அங்கேதான் கிடக்கிறான். அறிவுள்ளவன் கருவாட்டையும் புத்தகத்தையும் ஒரே பெட்டியில் வைப்பானா? இவன் வைத்தான். புத்தகம் அங்கே எங்களுக்கு அறை தந்த வீட்டுக்கார அக்கா எழுதியது. உள்ளே ஒரு துண்டுத்தாள்: "அக்கா போன மாசம் போயிட்டாங்க மக்கா. கடைசி நாவல் இது."

அந்த ஊரில் முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் இதே வாசம்தான். கண்ணை மூடினால் நம்மூர்ப் பக்கத்துக் கருங்கல் மீன் சந்தை. கண்ணைத் திறந்தால் ஒரு எழுத்தும் புரியாத போர்டுகள். எங்களுக்குக் கிடைத்த அறை ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரிக்கு அறுபது தாண்டியிருக்கும். அக்கா என்று கூப்பிட்டால் சிரிப்பார். அவர் பெரிய எழுத்தாளர் என்பது எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை ராத்திரி பகலாக ஏதோ கணக்கு எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன்.

பதினைந்து வயதில் தையல் கம்பெனிக்குப் போனவர். துணி வெட்டும் தாளின் பின்பக்கத்தில், சாப்பாட்டு இடைவேளையில் எழுதிப் பழகியிருக்கிறார். அங்கே வேலை பார்த்த பெண்களைப் பற்றிய முதல் நாவலுக்குப் போலீஸ் வீடு தேடி வந்ததாம். அதன் பிறகு தலைநகரில் பேரும் புகழும். ஒரே தம்பி ஆழ்கடல் படகில் போய்த் திரும்பாமல் போனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். தம்பியை வைத்து ஒரு நாவல் தொடங்கிப் பன்னிரண்டு வருடம். கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை.

நானோ வாயைத் திறந்தால் புளுகு. நம்மூர் முக்கடலில் ஒரு கடல் உப்பு, ஒரு கடல் புளிப்பு, ஒன்று லேசாக இனிக்கும் என்பேன். அவர் சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். அரைகுறைக் கொரிய மொழியில் அவ்வளவு அழகாகப் புளுக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தம்பி கரையை விட்டுப் போன நாளில் வருடாவருடம் படையல் வைப்பார். மீன், பேரிக்காய், ஒரு கிண்ணம் சோறு. சோற்றில் ஒரு கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவார். செத்தவர் எடுத்துச் சாப்பிட வேண்டுமாம். பிறகு எங்களைக் கூப்பிட்டு அதே சோற்றைப் பரிமாறுவார். அப்படி ஒரு படையல் அன்றைக்குத்தான் கேட்டார். அவர் பேசியதை நம்மூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு மாதிரி எனக்கு வராது.

"உங்க ஊர்ல கடல்ல போய் வராதவனுக்கு என்ன செய்வீங்க?"

சேவியர் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "எங்க அண்ணனும் போனான்க்கா. மூணு வருசம் கழிச்சு வந்துட்டான்."

அக்கா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "வந்து என்ன சொன்னான்?"

"சோறு இருக்கான்னு கேட்டான்."

மேசைக்கு அடியில் சேவியர் என் காலை மிதித்தான். எங்கள் ததேயு அண்ணன் போன புயலும், படகோடு போன ஏழு பேரும் அவனுக்குத் தெரியாதா? வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டான். "லேய், ஒனக்கு வெளயாட வேற எடம் கிட்டலியா?" அந்தக் கரண்டி அப்படி நிமிர்ந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை என்பதை எப்படிச் சொல்ல? எங்கள் அம்மா இன்றுவரை அண்ணனுக்கு ஒரு பூசை வைக்க விடவில்லை. சாமியார் கேட்டால், "உயிரோட இருக்கவனுக்கு எதுக்கு பாதர் பூச?" என்பாள். நான் சொன்னது அம்மாவின் பொய்தான். கொஞ்சம் நீட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அதே நாள் வந்தது. படையல் இல்லை. "வரப்போறவனுக்குக் கரண்டி குத்தக் கூடாது" என்றார் அக்கா. குக்கரில் சோறு மட்டும் சூடாக இருந்தது. நாவலை முடித்துவிட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். உண்மையைச் சொல்லிவிட நான் நாலு தடவை தொண்டையைச் செருமினேன். சளிக்கு இஞ்சித் தண்ணி போட்டுத் தந்தார்.

இன்றைக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போனைக் காட்டி மொழிபெயர்க்க வைத்தேன். தம்பி வருகிறான். வாசலில் நின்று சோறு இருக்கா என்று கேட்கிறான். அதோடு கதை முடிகிறது.

"என்னலே அப்பிடிப் பாக்க?" என்றாள் அம்மா.

"கருவாடு பொரிக்கது எப்பிடின்னு எழுதியிருக்கும்மா."

"அதுக்கு ஒரு புக்கா?" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்களாம். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. தம்பிக்குச் சோறு வைக்க இனி ஆள் இல்லை, அக்காவுக்கும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மனுசி கடைசி இரண்டு வருடமாவது தம்பியைச் செத்தவனாக வைத்து நிம்மதியாக அழுதிருப்பார். என் புளுகை நம்பி வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

எழுதி முடித்ததும் முதலில் சேவியருக்குத்தான் வாட்ஸப்பில் அனுப்பினேன். படித்துவிட்டு ஒரு வரி அனுப்பினான்.

"நீ சொன்னது பொய்யின்னு மறுநாளே நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன் மக்கா."