ஒன்பது வேனுக்கு ஒரே சிலிண்டர்

பதினெட்டு வருடமாக லம்யாய் பள்ளி வேன் ஓட்டுகிறாள். வட தாய்லாந்தில், பிங் ஆற்றுக்குக் கிழக்கே லாங்கன் பழத்தோப்புகளுக்குள் சிதறிக் கிடக்கும் நான்கு ஊர்களிலிருந்து பதினான்கு பிள்ளைகளைக் காலை ஆறரைக்கு ஏற்றிக்கொண்டு போய் டவுன் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும், எது அழுதுகொண்டே ஏறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வேன்காரர்கள் சங்கத்தில் ஒன்பது வண்டிகள். பள்ளி திறக்கும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் சோதனை நடக்கும். தீயணைப்பு சிலிண்டர், கண்ணாடி உடைக்கும் சுத்தியல், மினுக்கும் மஞ்சள் விளக்கு எல்லாம் இருந்தால்தான் அனுமதி. சங்கத்திடம் இருந்தது ஒரே செட். சோதனை முடிந்த வண்டி கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் வரும். சாமான்கள் அடுத்த வண்டிக்குக் கைமாறும். மறைக்கக்கூட யாரும் மெனக்கெட்டதில்லை. பழைய அதிகாரி அந்த நேரம் பார்த்துக் காபிக் கோப்பையோடு திரும்பிக்கொள்வார். வேனை நிறுத்தினால் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்று அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பஸ் விடாது. பெற்றோர் தருவது டீசலுக்கே சரியாகிவிடும்.

பிப்ரவரியில் ஒருநாள், நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில், பின்சீட்டுக்கு அடியில் ஒயர் கருகிப் புகை வந்தது. பிள்ளைகளைத் தள்ளி இறக்கிவிட்டு லம்யாய் சிலிண்டருக்குக் கையை நீட்டினாள். கையில் அகப்பட்டது வெறும் கொக்கி. சிலிண்டர் சங்கத் தலைவர் புன்மாவின் வீட்டில் இருந்தது. பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத்தான் புகைந்த சீட்டுப் பஞ்சை அணைத்தாள்.

அன்று மாலை எல்லோருக்கும் ஐஸ் சர்பத் வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்கவேயில்லை. அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

மே மாதச் சோதனைக்கு வந்த அதிகாரி புதியவள், இளம்பெண். நான்கு வண்டிகள் தேறிவிட்டன. ஐந்தாவது லம்யாயுடையது. சிலிண்டரில் பெயிண்ட் உரிந்த இடத்தை அந்தப் பெண் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, இது எப்பவும் உங்க வண்டியிலயேதான் இருக்குமா?”

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. தலையை ஆட்டியிருந்தால் போதும். பின்னால் வரிசையில் புன்மா இருமினார். இருக்கும் என்று சொல்லத்தான் லம்யாய் வாயைத் திறந்தாள்.

“இல்லம்மா. வேணும்னப்ப இல்ல.”

பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். புகையையும் சொன்னாள். ஒன்பது வேனுக்கும் அனுமதி நின்றது. வண்டிக்கு ஒரு செட் வாங்கி, ஒயர்களை மொத்தமாக மாற்றிய பிறகுதான் இனி பேச்சு.

புன்மா கத்தவில்லை. “பிள்ளைங்கள காப்பாத்திட்ட லம்யாய். திங்கக்கிழம காலைல ரோட்டுல வந்து நின்னு பாரு” என்றார்.

அவள் தலைமையாசிரியரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், வரவுசெலவுத் தாளைத் திருப்பியே காட்டினார். புல்வெட்டக்கூட ஒரு தலைப்பு இருந்தது. பிள்ளைகள் வந்து போக எதுவும் இல்லை. ஆகஸ்டு கூட்டத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை தூறல். லம்யாய் சாலையோரம் நின்றாள். அவள் வேனில் போய்வந்த தன் மூன்று பிள்ளைகளோடு சோம்நுக் பைக்கில் வந்தான். கடைசி மகள் மின்ட் அவன் முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு கண்ணாடித் தண்டைப் பிடித்திருந்தாள். யார் தலையிலும் ஹெல்மெட் இல்லை. லம்யாயைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான்.

“இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு. ஏறிக்கிறீங்களாக்கா?”

பிள்ளைகள் சிரித்தன. மின்ட் ஒரு கையை விட்டுவிட்டு டாட்டா காட்டினாள்.

லம்யாய் வீட்டுக்கு ஓடித் தன் பழைய ஸ்கூட்டரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் அவர்களை எட்டிப் பிடித்து, சற்று வலப்பக்கம் விலகி, மணல் லாரிகள் அவளைச் சுற்றித்தான் முந்த வேண்டும் என்பதுபோல் பின்னாலேயே போனாள். லாரிக்காரர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். முன்னால் போகும்படி சோம்நுக் கையைக் காட்டினான். அவள் போகவில்லை.

அன்று பதினான்கு பிள்ளைகளும் ஆறு பைக்குகளில் பள்ளிக்கூடம் போனார்கள். அவளால் ஒரு பைக்குக்குப் பின்னால்தான் போக முடிந்தது.